மைனர் லீக் ஆட்டத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

டாலஸுக்கு வடக்கே, ஃபிரிஸ்கோ பக்கம் குடியிருக்கிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் ஊருக்குப் புதிதாக வந்த யாராவது ஒருவர் கேட்பார்: “வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறதே, அங்கே ஆடுவது யார்? நாம் போகலாமா?” போகலாம் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் விடமாட்டார்கள், அடுத்தடுத்துப் பத்துக் கேள்வி வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

மைனர் லீக் என்றால் என்ன? சின்னப் பையன்கள் ஆடுவதா?

மைனர் என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். ஒன்று, பதினெட்டு வயது நிரம்பாதவர். இன்னொன்று, கழுத்தில் செயின் புரள ஊரைச் சுற்றும் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. இரண்டு பேருக்கும் இங்கே வேலையில்லை. ஆடுவது சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பார்கள், முப்பதைத் தாண்டியவர்களும் உண்டு. தொலைக்காட்சியில் வருவது மேஜர் லீக், அதற்குக் கீழ்ப்படியில் இருப்பது மைனர் லீக். அவ்வளவுதான் பெயரின் கதை.

கீழ்ப்படி என்பதால் ஆட்டம் சுமாராக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிரிஸ்கோவில் மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்து எறிகிற பையன்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம். அந்தப் பந்து ஒவ்வொரு முறையும் நினைத்த இடத்தில் போய் விழாது. மேலே போவதற்கு அவர்களிடம் பாக்கி இருப்பது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

இந்த அணிகள் யாருடையவை?

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக மொத்தம் 120. மேலிருந்து கீழாக டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. அதற்கும் அடியில் அரிசோனா, புளோரிடா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் புதுமுகங்களுக்கான பயிற்சி லீக்குகள் இருக்கின்றன. அங்கே பார்வையாளர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்து உதாரணம்: ஆர்லிங்டனில் ஆடும் டெக்சஸ் ரேஞ்சர்ஸ்தான் தாய் அணி. அதன் டிரிபிள்-ஏ அணி ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறது. டபுள்-ஏ அணி எங்கள் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ். அதற்குக் கீழே தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க், கடைசிப் படியில் வட கரோலினாவில் ஹிக்கரி. ஹிக்கரியில் தொடங்கும் பையன் ஆயிரம் மைல் கடந்து, படிப்படியாக ஏறி ஆர்லிங்டன் வந்து சேர வேண்டும். ஃபிரிஸ்கோவிலிருந்து ஆர்லிங்டனுக்குக் காரில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் பலருக்கு அந்த முக்கால் மணி நேரப் பாதை கடைசிவரை திறப்பதில்லை.

பணக் கணக்கு விசித்திரமானது. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது தாய் அணி. யார் ஆட வேண்டும், எத்தனை பந்து எறிய வேண்டும், யார் எப்போது மேலே போக வேண்டும் எல்லாம் அவர்கள் முடிவு. டிக்கெட், உணவுக் கடை, விளம்பரம், மைதானத்தில் நடக்கும் வேடிக்கைகள் இவைதான் உள்ளூர் உரிமையாளர் கையில். அதாவது கடையை நடத்துகிறவருக்குச் சரக்கின் மேல் எந்த உரிமையும் கிடையாது! நாளைக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு யாரைக் காட்டப் போகிறோம் என்பதே அவருக்கு இன்று தெரியாது.

அமெரிக்காவில் இதைப் ‘பண்ணை முறை’ என்பார்கள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி இதை ஒரு பெரிய அமைப்பாக வளர்த்தார். பணக்கார அணிகளோடு போட்டி போட்டு ஆட்களை விலைக்கு வாங்க முடியவில்லை, அதனால் தாமே வளர்க்கத் தொடங்கினார். நான் இதை நாற்றங்கால் என்றுதான் சொல்வேன். எந்த விவசாயியும் நாற்றை நாற்றங்காலிலேயே விட்டு வைப்பதில்லை.

எங்கள் ஊர் அணி கோப்பை ஜெயித்தால் மேலே போகுமா?

போகாது. நம்மவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சென்னையில் டி.என்.சி.ஏ. கிரிக்கெட் லீக்கில் ஒரு டிவிஷனில் நன்றாக ஆடிய அணி அடுத்த ஆண்டு மேல் டிவிஷனுக்குப் போகும், சொதப்பிய அணி இறங்கும். இங்கிலாந்துக் கால்பந்திலும் அப்படித்தான். இங்கே அணி நகராது, ஆட்கள்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். ரஃப்ரைடர்ஸ் 2004இலும் 2022இலும், தான் ஆடும் டபுள்-ஏ லீக்கான டெக்சஸ் லீக்கின் பட்டம் வென்றது. அதற்கு அடுத்த ஆண்டும் அதே டபுள்-ஏதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்கக் கசப்பாக இருக்கும். தாய் அணிக்கு மைனர் லீக் கோப்பை முக்கியமே இல்லை. இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் உங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரரை மேலே அழைத்துவிடுவார்கள். நன்றாக எறிந்துகொண்டிருக்கும் பிட்சரை (நம் பவுலர் மாதிரி), ‘இன்றைக்கு 75 பந்துதான்’ என்று கணக்குப் பார்த்து நான்காவது இன்னிங்ஸில் உட்கார வைப்பார்கள். அணி தோற்றால் தோற்கட்டும், தோள்பட்டை பத்திரமாக இருக்க வேண்டும். ஒரு வருடம் இதைப் பார்த்து எரிச்சல்பட்டேன். அப்புறம் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் கிளம்பப் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். ஆட்டம் அப்போதுதான் எனக்குப் பிடித்தது.

அப்படிக் கிளம்பிப் போய்ப் பெரிய ஆளானவர்கள் யாராவது?

ஏறக்குறைய எல்லா நட்சத்திரங்களும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். ஆனாலும் நான் எப்போதும் சொல்வது எவன் கார்ட்டரின் கதை. டென்னசியின் எலிசபெத்டன் என்ற சிறு ஊர்க்காரர். 2023 கோடையில் பெரும்பகுதியை ஃபிரிஸ்கோவில் ஆடிக் கழித்தார். 97 ஆட்டங்கள். பிறகு ரவுண்ட் ராக்கில் எட்டே ஆட்டம். செப்டம்பர் 8ஆம் தேதி ரேஞ்சர்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. அப்போது வயது 21. நவம்பர் 1ஆம் தேதி ரேஞ்சர்ஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக, மேஜர் லீக்கின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றபோது அவர் அந்த அணியின் முக்கிய மட்டையாளர்களில் ஒருவர். அந்த ஜூலையில் எங்கள் மைதானத்தில் வேலியோரம் நின்று குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே அவரும் இருந்தார். அப்போது எத்தனை பேர் கவனித்திருப்போம்?

குமார் ராக்கரும் இந்தப் பக்கம் வந்து போனவர்தான். தாய் வழியில் இந்திய வம்சாவளி. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022இல் மூன்றாவதாக ரேஞ்சர்ஸ் எடுத்தது. முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து, 2024இல் ஃபிரிஸ்கோவிலும் ரவுண்ட் ராக்கிலும் எறிந்துவிட்டு அதே செப்டம்பரில் மேஜர் லீக் போய்விட்டார். ஸ்கோர்போர்டில் ‘குமார்’ என்று பார்க்கும்போது நமக்கு ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் மாதிரித்தான் இருக்கும்.

எல்லாரும் ஏறுவதில்லை என்பதற்கும் ஒரு பெரிய பெயர் இருக்கிறது: மைக்கேல் ஜோர்டான். கூடைப்பந்தில் உச்சத்தில் இருந்தபோது ஓய்வு அறிவித்துவிட்டு, 1994இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணியில் பேஸ்பால் ஆடினார். 127 ஆட்டங்களில் சராசரி .202, அதாவது பத்துத் தடவைக்கு இரண்டு தடவைதான் உருப்படியாக அடித்தார். ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி) மூன்று. கிண்டல் செய்தவர்கள் நிறைய. சிறு வயதோடு விட்ட ஆட்டத்துக்கு 31 வயதில் திரும்பி, நேராக டபுள்-ஏ பந்துவீச்சைச் சந்திப்பது எவ்வளவு கடினம் என்று இரண்டு ஆட்டம் நேரில் பார்த்தால் கிண்டல் வராது.

கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இருந்த தடை உடைந்த இடமும் மைனர் லீக்தான். ஜாக்கி ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடியதுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 1946 ஏப்ரல் 18 அன்று, டாட்ஜர்ஸின் மைனர் அணியான மாண்ட்ரியால் ராயல்ஸுக்காக ஜெர்சி சிட்டியில் முதல் ஆட்டம் ஆடினார். நான்கு ஹிட், அதில் ஒன்று ஹோம் ரன். அவரை அங்கே அனுப்பியவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன அதே பிராஞ்ச் ரிக்கிதான். அப்போது அவர் புரூக்ளின் வந்துவிட்டார்.

சம்பளம் எவ்வளவு வாங்குவார்கள்?

2022 வரை சொல்லவே வெட்கமான தொகை. டபுள்-ஏயில் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 13,800 டாலர். ஆறேழு பேர் ஒரு வீட்டில் தரையில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். பருவம் முடிந்ததும் கிடங்கில் மூட்டை தூக்குவார்கள், வண்டி ஓட்டுவார்கள். முன்னாள் வீரர்கள் தொடுத்த ஊதிய வழக்கில், 2022இல் மேஜர் லீக் 18.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அதே ஆண்டிலிருந்து தங்கும் இடமும் தாய் அணிகளின் பொறுப்பாயிற்று. செப்டம்பரில் மைனர் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டிரிபிள்-ஏ 35,800, டபுள்-ஏ 30,250, ஹை-ஏ 27,300, சிங்கிள்-ஏ 26,200 என்று அந்த ஆண்டின் குறைந்தபட்சம் உயர்ந்தது.

அதே 2023இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். மேலே பத்து நாள் தங்கினாலே ஃபிரிஸ்கோவின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டிவிடலாம். அப்படி நாலு நாள் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தவர்களை ‘ஒரு கப் காபி குடித்துவிட்டு வந்தவர்’ என்பது இங்கே வழக்கு. அந்தக் காபியின் விலை இப்போது தெரிகிறதல்லவா?

இதற்குள்ளேயே இன்னொரு ஏற்றத்தாழ்வும் உண்டு. டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்டவர்களுக்குக் கையெழுத்துப் போடும்போதே பெருந்தொகை கிடைத்துவிடும். குமார் ராக்கருக்குக் கிடைத்தது 52 லட்சம் டாலர். பக்கத்து அலமாரியில் சட்டை மாற்றுகிறவருக்குச் சில ஆயிரம் மட்டும் கிடைத்திருக்கும். இருவரும் ஒரே பேருந்தில் அமரில்லோவுக்கு ஆறு மணி நேரம் போக வேண்டும்.

ஆட்டம் எப்போது நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?

ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை. டிரிபிள்-ஏயில் 150 ஆட்டம், டபுள்-ஏயில் 138, அதற்குக் கீழே 132. பெரும்பாலும் ஒரே எதிரணி செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஊரில் தங்கி ஆறு ஆட்டம் ஆடும், திங்கள் விடுமுறை. ஒரு வாரம் நம் ஊரில் இருந்தால் அடுத்த வாரம் வெளியூர் என்று மாறி மாறி வரும். போவதற்கு முன் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டரை மணி நேரத்தில் வீடு திரும்பலாம். பந்தெறிய இத்தனை விநாடி என்று கெடுவைக்கும் கடிகாரம் 2022இல் மைனர் லீக் முழுவதும் வந்தது. சராசரி நேரம் 25 நிமிடம் போலக் குறைந்தது. அடுத்த ஆண்டு அதையே மேஜர் லீக் எடுத்துக்கொண்டது. புது விதிகள் எல்லாவற்றுக்கும் வெள்ளோட்டம் இங்கேதான்.

முன்பெல்லாம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கதை. 1981 ஏப்ரல் 18 இரவு, ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் அணிக்கும் ராச்செஸ்டர் அணிக்கும் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது சமனாகி, 32 இன்னிங்ஸ் வரை போயிற்று. கடுங்குளிர். உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். விடியற்காலை 4.07க்கு நிறுத்தியபோது இருக்கைகளில் மிச்சம் இருந்தவர்கள் 19 பேர். மறுநாள் ஈஸ்டர். ஜூன் 23 அன்று மறுபடி தொடங்கினார்கள், 18 நிமிடத்தில் பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. அன்று ஆடியவர்களில் வேட் பாக்ஸ், கால் ரிப்கன் இருவரும் பின்னாளில் புகழரங்கில் இடம் பெற்றார்கள். தொழில்முறை பேஸ்பாலில் இன்றுவரை நீளமான ஆட்டம் அதுதான். இப்போது கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் (சுற்றி ஓட வேண்டிய நான்கு மூலைகளில் இரண்டாவதில்) ஓர் ஓட்டக்காரரோடுதான் தொடங்குகிறது என்பதால் அப்படி ஒன்று இனி நடப்பது கடினம்.

எனக்குப் பேஸ்பாலே தெரியாது. புரியுமா?

கிரிக்கெட் தெரிந்தவருக்கு அரை மணி நேரம் போதும். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று விக்கெட். மூன்று தடவை தவறினால் அவுட். அடிக்கக்கூடாத இடத்தில் நான்கு பந்து வந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம். அடித்த பந்து தரையில் படாமல் பிடிபட்டால் அவுட். நான்கு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பின்பக்கம் தட்டிவிடுகிற லேட் கட் எல்லாம் செல்லாது, முன்னால் அடித்தாக வேண்டும். இதற்கு மேல் தெரிய வேண்டியதைப் பக்கத்து இருக்கைப் பெரியவர் சொல்லித்தருவார். எல்லா மைனர் லீக் மைதானத்திலும் அப்படி ஒருவர், மடியில் ஸ்கோர் அட்டையோடு, இருக்கிறார்.

டிக்கெட், குழந்தைகள், சாப்பாடு?

மேஜர் லீக்கை விட டிக்கெட் மலிவு. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர் முகம் தெரியும். டெக்சஸில் மாலை ஆட்டத்துக்கே போங்கள், மூன்றாம் பேஸ் பக்கமா முதல் பேஸ் பக்கமா எங்கே முதலில் நிழல் விழுகிறது என்று கேட்டுவிட்டு இருக்கை எடுங்கள். இந்த ஒரு யோசனைக்கே நீங்கள் எனக்குக் காபி வாங்கித் தரலாம். குழந்தைகள் இருந்தால் மைதானத்துக்கு அப்பால் சரிவாக இருக்கும் புல்வெளி டிக்கெட் போதும், ஜமக்காளத்தை விரித்துவிடலாம். ஃபிரிஸ்கோவில் வேலிக்கு அப்பால் நீர் ஓடும் நீச்சல் குளமே கட்டியிருக்கிறார்கள். மிதவையில் படுத்தபடி ஆட்டம் பார்க்கிறார்கள்! கூட்டத்துக்குள் வந்து விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம், திருப்பிக் கொடுக்க வேண்டாம். வலை இல்லாத பக்கம் உட்கார்ந்தால் கைப்பேசியைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பாருங்கள்.

சைவக்காரர்கள் பாப்கார்ன், வேர்க்கடலை, பிரெட்சல், நாச்சோஸ் என்று ஓட்டலாம். வெளிச் சாப்பாட்டைப் பல மைதானங்களில் அனுமதிப்பதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா கைப்பையில் வைத்திருந்த முறுக்கு வாசலிலேயே நின்றுபோனது. அம்மாவுக்கு இன்றுவரை பேஸ்பால் மேல் இருக்கும் ஒரே புகார் அது.

அணிகளுக்கு ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

வேண்டுமென்றேதான். தொப்பியும் சட்டையும் விற்க வேண்டும். அலபாமாவில் ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ். ராக்கெட், பக்கத்து ஊரான ஹண்ட்ஸ்வில்லில் இருக்கும் நாசா மையத்துக்காக. ‘குப்பைப் பாண்டா’ என்பது குப்பைத்தொட்டியைக் கிளறும் ரக்கூனுக்குச் செல்லப்பெயர். மாண்ட்கோமரி பிஸ்கட்ஸ் அணி நிஜமாகவே பிஸ்கட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கூட்டத்துக்குள் சுடுகிறது (நம் மாரி பிஸ்கட் இல்லை, மெத்தென்ற தெற்கத்தி ரொட்டி). அமரில்லோ சாட் பூடில்ஸ் என்றால் சுருள்முடி நாய்க்குட்டி அல்ல, அந்தப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் அணில் இனத்துப் பிராணி. ஹார்ட்ஃபோர்டு யார்டு கோட்ஸ், ரயில் யார்டில் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் சின்ன எஞ்சினுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். ஜாக்சன்வில்லில் ஜம்போ ஷ்ரிம்ப், அதாவது பெரிய இறால். ஓஹையோவின் டொலிடோ மட் ஹென்ஸ் மட்டும் பழைய பெயர்: மைதானத்துக்குப் பக்கத்துச் சதுப்பில் மேய்ந்த நாமக்கோழிகள் வைத்துக்கொடுத்தது. எனக்குப் பிடித்தது அதுதான். மற்றதெல்லாம் கூட்டம் போட்டு யோசித்த பெயர்கள், இது தானாக வந்து உட்கார்ந்த பெயர்.

2021இல் பல அணிகள் காணாமல் போனதாகச் சொல்கிறார்களே?

உண்மை. அதுவரை சுமார் 160 அணிகள் இருந்தன. மைனர் லீக்குகளுக்கு 1901 முதல் தனிச் சங்கம் இருந்தது. மேஜர் லீக்குடன் அது செய்திருந்த ஒப்பந்தம் 2020இல் முடிந்தது. அந்த ஆண்டு கொரோனாவால் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்தச் சந்தடியில் மேஜர் லீக் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்து, 120 போதும் என்று நறுக்கிவிட்டது. ஆட்டக்காரர்களின் பயணம் குறைந்தது, மைதான வசதிகளும் கூடின என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் பத்து டாலர் கொடுத்துக் குழந்தைகளோடு போய் உட்கார்ந்த ஒரு மாலைப்பொழுதை இழந்தன. அந்த ஊர்களைக் கேட்டால் வசதி பற்றிப் பேசமாட்டார்கள்.

இன்றும் அது நிற்கவில்லை. வட கரோலினாவின் கின்ஸ்டனில் ரேஞ்சர்ஸின் கீழ்ப்படி அணி ஒன்று இருந்தது. 2024 பருவத்தோடு கிளம்பி, 2025இல் ஸ்பார்ட்டன்பர்க்கின் புது மைதானத்தில் ‘ஸ்பார்ட்டன்பர்கர்ஸ்’ ஆகிவிட்டது.

சுயேச்சை லீக் என்று ஒன்று இருக்கிறதாமே?

தாய் அணி இல்லாத தொழில்முறை லீக்குகள் அவை. அமெரிக்கன் அசோசியேஷன், அட்லாண்டிக் லீக், ஃபிரான்டியர் லீக் போன்றவை. யாரும் எடுக்காதவர்கள், கைவிடப்பட்டவர்கள், இன்னொரு வாய்ப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஆடும் இடம். குமார் ராக்கரே 2022 டிராஃப்டுக்கு முன் சில வாரம் ஃபிரான்டியர் லீக்கில் எறிந்துகாட்டித்தான் மேலே வந்தார். மினசோட்டாவின் செயின்ட் பால் செயின்ட்ஸ் 1993இல் சுயேச்சை அணியாகத் தொடங்கியது. நடுவருக்குப் பந்து கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பன்றிக்குட்டியைப் பழக்கிப் பேர் வாங்கியது. 2021 முதல் மினசோட்டா ட்வின்ஸின் டிரிபிள்-ஏ அணி.

தாய் இல்லாத பிள்ளைகளுக்கு ஆயுசு கெட்டியில்லை. டாலஸுக்கு மேற்கே கிராண்ட் பிரெய்ரியில் ஏர்ஹாக்ஸ் என்ற சுயேச்சை அணி 2008இல் தொடங்கி, 2011இல் பட்டம் வென்று, 2020இல் மூடப்பட்டது. மைதானம் சும்மா கிடந்தது. அதை இடித்துத் திருத்திக் கிரிக்கெட் மைதானம் ஆக்கினார்கள். 2023 ஜூலையில் மேஜர் லீக் கிரிக்கெட்டின் முதல் ஆட்டமே அங்கேதான்: டெக்சஸ் சூப்பர் கிங்ஸ். ஆமாம், நம் சென்னைக்காரர்களின் அதே மஞ்சள். 2024 ஜூன் 6 அன்று டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை அமெரிக்கா சூப்பர் ஓவரில் சாய்த்ததும் அதே புல்லில்தான். ‘விசில் போடு’ என்று கத்துகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, காலடியில் ஒரு மைனர் லீக் பேஸ்பால் மைதானம் புதைந்திருக்கிறது என்று.

கிரிக்கெட்டுக்கும் இங்கே மைனர் லீக் உண்டு. 2021இல் தொடங்கியது, மேஜர் வந்தது 2023இல். கைக்குழந்தை பிறந்து இரண்டு வருடம் கழித்து அம்மா வந்த கதை.

இந்தியாவிலிருந்து நேராக வந்து ஆடியவர்கள் உண்டா?

உண்டு. ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள், பேஸ்பாலைக் கையால் தொட்டதுகூட இல்லை. 2008இல் இந்தியாவில் நடத்திய ஒரு பந்தெறியும் போட்டியில் தேறி அமெரிக்கா வந்தார்கள். அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. தினேஷை 2010இல் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறி, காயத்தில் விழுந்து, பிறகு மல்யுத்த மேடைக்குப் போய் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் வீர் மஹான் ஆனார். கூடைப்பந்தில் பஞ்சாபின் சத்னம் சிங்கை 2015இல் டாலஸ் மேவரிக்ஸ் 52ஆவதாக எடுத்தது. கூடைப்பந்தின் மேல் லீக்கான என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். மேலே ஆடும் வாய்ப்பு வரவில்லை, ஃபிரிஸ்கோவில் இருந்த கீழ்ப்படி அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் ஆடினார்.

மற்ற விளையாட்டுகளிலும் மைனர் லீக் இருக்கிறதா?

கூடைப்பந்தில் ஜி லீக், 2001இல் வேறு பெயரில் தொடங்கியது. அரங்கு சின்னது, ஏழடி மனிதர் பத்தடி தூரத்தில் மூச்சு வாங்குவது கேட்கும்.

ஐஸ் ஹாக்கியில் மேல் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படி ஏ.எச்.எல்., அதற்கும் கீழே இ.சி.எச்.எல். எங்களுக்குப் பக்கத்தில் ஆலன் அமெரிக்கன்ஸ். ஆனால் ஹாக்கியில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியது பொம்மை எறியும் நாள். வீட்டு அணி முதல் கோல் போட்டதும் கூட்டம் முழுக்க, கொண்டுவந்த கரடி பொம்மைகளைப் பனித்தரையில் எறிவார்கள், எல்லாம் தர்மத்துக்குப் போகும். சாக்லெட் ஊரான ஹெர்ஷியின் பேர்ஸ் அணிக்கு 2025 ஜனவரியில் வந்து விழுந்தவை 1,02,343. ஆட்டம் முக்கால் மணி நேரம் போல நிற்கும், யாரும் முணுமுணுப்பதில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் இந்த அடுக்கு இல்லை. அந்த வேலையைக் கல்லூரிகளே செய்துவிடுகின்றன.

ஆட்டக்காரர் பெயர் போட்ட ஜெர்சி வாங்கலாமா?

வேண்டாம். ஒரு மே மாதம் என் மகளுக்குப் பிடித்த ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) பெயரோடு வாங்கினேன். 85 டாலர். ஒன்பதாவது நாள் அவரை ரவுண்ட் ராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதாள், நான் பில்லைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு அவர் ஃபார்ம் போய்த் திரும்பக் கீழே வந்தார், இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதில் சந்தோஷப்படலாமா என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தொப்பி வாங்குங்கள், அதில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கும்.